பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையா? முதலில் சொல்லைச் சொல்லிக் கொடுங்கள்!

இதோ ஒரு சின்னக் கணக்கு. உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்:

"கண்ணனிடம் 8 மாம்பழம் இருக்கிறது. அது வள்ளியிடம் இருப்பதைவிட 3 அதிகம். வள்ளியிடம் எத்தனை மாம்பழம்?"

பல பிள்ளைகள் சட்டென்று "பதினொன்று" என்பார்கள். சரியான விடை ஐந்து!

அந்தப் பிள்ளைக்குக் கூட்டத் தெரியாதா? தெரியும். எட்டும் மூன்றும் பதினொன்று என்று சரியாகத்தான் கூட்டியிருக்கிறது. கழிக்கத் தெரியாதா? அதுவும் தெரியும். பிறகு எங்கே வந்தது தவறு?

"அதிகம்" என்ற சொல் காதில் விழுந்தது. உடனே கூட்டிவிட்டது. யாரிடம் அதிகம், யாரைவிட அதிகம் என்று பார்க்கவில்லை. பிள்ளைக்கு எண் தெரியும், சொல்தான் புரியவில்லை.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? "இதன் மண்டையில் கணக்கே ஏறாது" என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. அப்புறம் கணக்குப் புத்தகத்தைக் கண்டாலே பயம்தான்.

"நான் அதிகம் படிக்கவில்லையே, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று ஒதுங்கிக்கொள்ளும் தாய்மார்கள் உண்டு. ஒதுங்க வேண்டியதே இல்லை. ஆரம்பப் பள்ளிக் கணக்கில் வரும் சொற்களில் பெரும்பாலானவை நம் சமையலறையிலும் கடைத்தெருவிலும் புழங்குகிற சொற்கள்தான்!

நாலு கணக்கு, நாலு சொல்

கூட்டல் என்றால் சேர்ப்பது. நாலு பேர் சேர்ந்தால் கூட்டம். நாலு எண் சேர்ந்தால் கூட்டுத்தொகை.

கழித்தல் என்றால் நீக்குவது. "முன்பணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்" என்று கடையில் சொல்கிறோமே, அதே கழித்தல்தான்.

பெருக்கல் என்றால் பெருகச் செய்வது. ஒரு சீப்பில் 12 வாழைப்பழம். நாலு சீப்பில் எத்தனை? பன்னிரண்டை நாலு தடவை கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். 12ஐ 4ஆல் பெருக்கினால் 48. (வாசல் பெருக்குவது வேறு பெருக்கல் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்!)

வகுத்தல் என்றால் பிரிப்பது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அதற்கு "வகுப்பு" என்று பெயர்.

முறுக்கில் ஒரு பாடம்

வகுத்தல் கணக்கில் நாலு பெயர்கள் வரும். பிள்ளைகள் திணறுவது இங்கேதான். ஒரு தட்டில் 23 முறுக்கை வையுங்கள். ஐந்து பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கு போடச் சொல்லுங்கள்.

பிரிக்கப்படுவது 23. அது வகுபடும் எண். ஐந்து பேருக்குப் பிரிக்கிறோம். அந்த 5 வகுக்கும் எண். ஆளுக்கு 4 கிடைக்கும். அந்த 4தான் ஈவு. தட்டில் 3 மிஞ்சும். அது மீதி.

"ஈவு" என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். ஈதல் என்றால் கொடுத்தல். ஆளுக்குக் கொடுத்தது ஈவு. தட்டில் நின்றது மீதி. முறுக்கைத் தின்ற பிள்ளை இதை மறக்குமா?

உடைந்தது பின்னம்

கை உடைந்த சிலையைப் "பின்னமாகிவிட்டது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணக்கில் வரும் பின்னமும் அதுதான். முழுசாக இல்லாத எண்.

முக்கால் என்பதை 3/4 என்று எழுதுகிறோம். கீழே உள்ள 4க்குப் பெயர் பகுதி. மேலே உள்ள 3க்குப் பெயர் தொகுதி. ஒரு தோசையை நாலாகப் பகுத்தோம், அது பகுதி. அதில் மூன்று துண்டைத் தொகுத்து எடுத்தோம், அது தொகுதி.

இப்போது பிள்ளையிடம் கேளுங்கள். 1/4 பெரிதா, 1/8 பெரிதா? "எட்டுதானே பெரிது, அதனால் 1/8" என்று பல பிள்ளைகள் சொல்லும். அப்போது 1/8க்குத் தமிழில் என்ன பெயர் என்று சொல்லிக் கொடுங்கள். அரைக்கால்! காலில் பாதி அரைக்கால். காலைவிட அதில் பாதி எப்படிப் பெரிதாகும்? பெயரிலேயே விடை இருக்கிறது!

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இப்படிப்பட்ட பெயர்களை எண்சுவடியில் மனப்பாடம் செய்தார்கள். இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. மாவையும் காணியையும் சேர்த்தால் மாகாணி. அது பதினாறில் ஒரு பங்கு. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில், ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணிதான். 1957 ஏப்ரல் 1ந் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று வந்தது. அணா போயிற்று, அதோடு இந்தப் பெயர்களும் பேச்சிலிருந்து மெல்ல மறைந்தன. அரை, கால், முக்கால், அரைக்கால் மட்டும் இன்றும் நம்மோடு இருக்கின்றன. அவற்றையாவது பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.

தொண்ணூறில் ஒரு தொல்லை

தமிழில் எண்களின் பெயர்கள் ஒழுங்கானவை. இரு பத்து இருபது. மூன்று பத்து முப்பது. எண்பது வரை தடை இல்லை. அடுத்து வருவது தொண்ணூறு. அதில் "நூறு" ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொள்ளாயிரத்திலோ "ஆயிரம்" இருக்கிறது! காதில் கேட்டபடி எழுதும் பிள்ளை இங்கே தடுமாறுவதில் வியப்பில்லை. இந்த இரண்டு சொற்களும் எப்படி உண்டாகின்றன என்பதற்கு நன்னூலில் தனி விதியே உண்டு. ஆகவே பிள்ளையைத் திட்டாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

இன்னொன்று. வீட்டில் "சைபர்" என்கிறோம். ஒருவர் "பூஜ்யம்" என்கிறார். புத்தகத்தில் "சுழியம்" என்று வருகிறது. மிச்சம், மீதி, பாக்கி என்பதும் இப்படித்தான். எல்லாம் ஒன்றே என்று நாம் சொன்னால்தான் பிள்ளைக்குத் தெரியும்.

என்ன செய்யலாம்?

கணக்கைப் படித்ததும் பென்சிலை எடுக்க விடாதீர்கள். "இதில் என்ன கேட்டிருக்கிறது? உன் வார்த்தையில் சொல்" என்று கேளுங்கள். மாம்பழக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். "யாரிடம் அதிகம்?" "கண்ணனிடம்." "அப்படியானால் வள்ளியிடம்?" "குறைவு." "எவ்வளவு குறைவு?" "மூன்று." இப்போது பிள்ளை தானே கழித்துவிடும்!

இதற்கு நீங்கள் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. காய்கறி நறுக்கும்போதும், கடையில் சில்லறை எண்ணும்போதும் நாலு கேள்வி கேட்டால் போதும். இன்று மாலையே ஆரம்பியுங்கள். முறுக்கு இல்லாவிட்டால் புளியங்கொட்டை போதும்!