கடலாண்ட போன குடமும் ரோட்டாண்ட போகும் குடமும்

கொட்டிவாக்கம் குப்பத்தில் குடிதண்ணீருக்குக் கடல் பக்கமாக நடந்த காலம் ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. கட்டுமரங்களை ஏற்றி வைத்திருக்கும் மேட்டுக்குப் பின்னால் பெண்கள் மணலை இடுப்பளவு தோண்டி வைத்திருப்பார்கள். அடியில் தண்ணீர் கசிந்து கசிந்து ஊறும். அதைக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றவேண்டும். அவசரப்பட்டால் மணல் கலங்கிவிடும். ஒரு குடம் நிரம்பக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை அடுத்தவள் பக்கத்தில் குந்தியிருப்பாள். 1980-களின் இறுதியில், பள்ளிக்கூடப் பையனாக, அப்பாவோடு மனை பார்க்க வந்தபோது அந்த ஊற்றுத் தண்ணீரைக் குடித்திருக்கிறேன். இருபதடி தள்ளிக் கடல் இரைந்துகொண்டிருக்க, வாயில் துளி உப்பு இல்லை.

தி.நகரில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்த எங்களுக்குக் கொட்டிவாக்கம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். திருவான்மியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் சவுக்குத் தோப்பு, தென்னை, தாழம்புதர், மறுபடியும் சவுக்கு. தரகர் ஒரு உறைக்கிணற்றைக் காட்டினார். கயிற்றை இரண்டு பாகம் விட்டதும் வாளி தண்ணீரைத் தொட்டுவிட்டது. அப்பா உள்ளங்கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார், இன்னொரு தடவை குடித்தார், பிறகுதான் முன்பணம் கொடுத்தார். அவர் வாங்கியது மண்ணை அல்ல, அடியிலிருந்த தண்ணீரைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தத் தண்ணீர் எப்படி அங்கே நின்றது என்பதைச் சொல்லாமல் இந்த ஊரின் கதையைச் சொல்ல முடியாது. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், இரண்டுக்கும் நடுவே மணல் மேடு. இரண்டு பக்கமும் உப்பு. மணலில் விழும் மழை ஓடாமல் அப்படியே இறங்கிவிடும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசானது. அதனால் கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் அது மிதந்துகொண்டிருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் பாரம் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிந்தவர்களின் பழைய கணக்கு. மேலே ஓர் அடியை உறிஞ்சினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறிவரும் என்பதும் அதே கணக்குத்தான். கொட்டாங்குச்சிக்குத் தெரிந்த அளவு மோட்டாருக்குத் தெரியாது.

திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரையிலான இந்த மணல் பட்டையிலிருந்து நகரத்துக்கும் தண்ணீர் எடுத்தார்கள். நிலத்தடி நீர் கெடுகிறது என்று கண்டு 1987-இல் சென்னைக்கும் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கும் தனிச் சட்டமே வந்தது. தண்ணீர் எடுக்கவும் லாரியில் ஏற்றிச் செல்லவும் அனுமதி வேண்டும் என்றது அந்தச் சட்டம். சட்டம் வந்த பிறகுதான் ஊரே மோட்டார் போட்டது.

1998 வாக்கில் கிழக்குக் கடற்கரைச் சாலை உருவாகி ஈ.சி.ஆர். என்ற மூன்றெழுத்து எல்லார் வாயிலும் ஏறியது. 2000-இல், மேற்கே தரமணியில், பழைய மகாபலிபுரம் சாலையில் டைடல் பார்க் திறந்தது. அதே 2000-இல்தான், அதே சாலையின் ஓரத்தில், துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் உருவாயிற்று. நகரத்துக்குள் ஆற்றோரமும் கால்வாயோரமும் குடியிருந்தவர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த குடியிருப்பு அது. ஒரே சாலையில் ஒரே ஆண்டில் ஒரு பக்கம் கணினிக்காரர்களை நகரம் கைநீட்டி அழைத்தது. இன்னொரு பக்கம் நகரத்தைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தவர்களை வெளியே அனுப்பியது. கொட்டிவாக்கத்தின் மேற்கு ஓரமான நேரு நகர் அந்தச் சாலையில் இருக்கிறது, கிழக்கு ஓரமான குப்பம் அலையில் இருக்கிறது. நடுவே நேர் கோடு போட்டால் இரண்டு கிலோமீட்டர்கூட வராது. வேலைக்கு வந்தவர்கள் குடியேற வீடு வேண்டுமே. மனைகள் அடுக்குமாடிகளாயின. கடலோரச் சவுக்குத் தோப்புகள் மதில் சுவர் எழுப்பிய பங்களாக்களாயின. கடல் காற்று மாலையில் எந்தத் தெருவுக்குள் நுழையலாம் என்பதைக்கூட அந்த மதில்கள் தீர்மானித்தன.

எங்கள் வீட்டிலும் உறைக்கிணறு வற்றிய ஒரு கோடையில் அறுபதடிக்குப் போர் போட்டோம். பக்கத்து வீடு எண்பது போனது. பின்னால் வந்த அடுக்குமாடிக்காரர்கள் எத்தனை அடி போனார்கள் என்று யாரும் வெளியே சொல்லவில்லை. நாலைந்து வருஷத்தில் எங்கள் குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைப்பது நின்றது. குப்பத்து அடிபம்புகள் அதற்கு முன்பே உப்பாகிவிட்டன என்பது எங்களுக்குத் தெரியவே இல்லை. ஆழம் குறைந்த கிணறுதான் முதலில் சாகும். அதை வைத்திருந்தவர்களிடம் இன்னும் ஆழம் போகக் காசு இருந்திருக்காது. ஒரே மணலுக்கு அடியில், ஒரே தண்ணீரில், அவர்களுடைய பங்கையும் சேர்த்து எங்கள் மோட்டார் இறைத்துக்கொண்டிருந்தது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மாடித் தண்ணீரைப் பழைய உறைக்கிணற்றிலேயே இறக்கிவிட்டோம். இரண்டு மழைக்காலத்தில் கிணறு தேறி வந்ததைக் கண்ணால் பார்த்தேன். மணல் பூமிக்கு மழையைக் கொடுத்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் ஊர் எதிர்த்திசையில் போனது. முற்றத்துக்கு டைல்ஸ், தெருவுக்குச் சிமெண்ட். ஈ.சி.ஆர். ஓரப் பகுதிகளில் மழைநீர் வடிகால் கட்டும் திட்டம் வந்தபோது, தானே உறிஞ்சும் மணலில் வடிகால் எதற்கு என்று கேட்டுக் குடியிருப்போர் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கே போனார்கள். படித்தவர்களும் வசதி படைத்தவர்களும் தொடுத்த அந்த வழக்கு, குப்பத்தின் வழக்காகவும் இருந்தது. இரண்டு தரப்பும் ஒரே பக்கம் நின்ற மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

எங்கள் வீட்டுக்கு அந்நாளிலிருந்து கூடையில் மீன் கொண்டுவந்த அக்கா குப்பத்துக்காரர். இப்போது அவருக்கு எழுபது இருக்கும். கூடை தூக்குவதை விட்டுவிட்டார். மருமகள் பிரதான சாலையோரம் சங்கராவும் நெத்திலியும் வைத்து விற்கிறாள். போன வருஷம் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது, பேச்சுவாக்கில் சொன்னார்:

"முன்னல்லாம் தண்ணிக்குக் கடலாண்ட போவோம், தம்பி. இப்போ ரோட்டாண்ட போறோம். அவ்ளோதான் மாறுச்சு."

அந்த 'ரோட்டாண்ட' என்ற சொல்லுக்குள் முப்பத்தைந்து வருஷம் இருக்கிறது. 2011-இல் கொட்டிவாக்கம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஊர் பெயர்ப் பலகை உடனே மாறியது, குழாய் அத்தனை சுலபமாக வரவில்லை. லாரி வந்து தெருமுனைக் கறுப்புத் தொட்டியை நிரப்பும். பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டும். ஊற்றில் காத்திருந்தால் தண்ணீர் வரும் என்று தெரியும். லாரிக்குக் காத்திருந்தால் அது எப்போது வரும் என்று தெரியாது. மீன் விற்கப் போகவேண்டிய பெண் அன்று போக முடியாது. தண்ணீரின் விலையை நாம் ரூபாயில் கணக்கிடுகிறோம். அக்கா வீட்டில் விற்கப் போகாத நாட்களில் அது கணக்காகும்.

2019 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகள் வறண்டு, பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததும் உலகச் செய்தியாயின. அந்தக் கோடையில் எங்கள் தெருவுக்கு லாரி வந்துகொண்டுதான் இருந்தது, விலைதான் ஏறியது. தெற்கேயும் மேற்கேயும் உள்ள கிராமங்களில், நெல்லுக்கு இறைத்த கிணறுகளிலிருந்து வந்த தண்ணீர் அது. ஆக, எங்கள் தாகம் இன்னொரு ஊரின் வயலில் போய் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, இதேபோல் வறட்சியில் சிக்கிய தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு கட்டியது. அந்த நகரத்தின் கணக்கைப் பின்னால் ஆராய்ந்தவர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது இது: மக்களில் ஏறத்தாழ 14 சதவீதமான வசதியுள்ள குடும்பங்கள் நகரத்துத் தண்ணீரில் பாதிக்கு மேல் பயன்படுத்தின. நீச்சல் குளம், தோட்டம், தனிப் போர். மழை பொய்த்ததை மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பாதியைப் பற்றிப் பேசாதிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, அங்கேயும் சரி, இங்கேயும் சரி.

கடல் தண்ணீரையே குடிநீராக்கிவிட்டால் தீர்ந்தது என்பார்கள். 2013-இல் நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலை வந்தது. 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. தென்சென்னையின் குழாய்களுக்கு அது பெரிய உதவி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஆலைக்குப் பக்கத்துக் கரையான சூலேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்கள், கரை அரிப்பையும் ஆலை திருப்பிவிடும் கடும் உப்பு நீரையும் பற்றி வருஷக்கணக்காக முறையிட்டு வருகிறார்கள். நகரத்தின் குழாய் ஒரு குப்பத்தின் கரையிலிருந்து புறப்படுகிறது.

தண்ணீர் போன வழியில்தான் கரையும் போய்க்கொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் அலை குப்பத்துக்குள் வந்தது. படகும் வலையும் வீட்டுச் சாமானும் போயின. அடுத்த மார்ச்சில் அரசாணை 172 வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே தள்ளிப் போனால் அரசு வீடு கட்டித் தரும். பழைய இடத்திலேயே இருக்க விரும்பினால் தங்கள் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. நகரத்துக் கடலோரத்தார் பலர் கண்ணகி நகருக்கும் அதுபோன்ற இன்னொரு குடியிருப்பான செம்மஞ்சேரிக்கும் போனார்கள். கடல் தெரியாத மாடியில் உட்கார்ந்து காற்றின் திசையை எப்படிப் பார்ப்பது? கொட்டிவாக்கம் குப்பம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதே கடற்கரையில், அதே 200 மீட்டருக்குள், பங்களாக்களும் இருந்தன. பங்களாக்காரர்களிடம் யாரும் தள்ளிப் போகிறீர்களா என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

2010 வாக்கில் சென்னைக் கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கரையோரமாகவே ஓர் உயர்மட்டச் சாலை போடும் யோசனை எழுந்து, மீனவர்களும் கடற்கரை ஆர்வலர்களும் எதிர்த்ததில் படுத்துவிட்டது. அந்த எண்ணம் சாகவில்லை, அவ்வப்போது தலைதூக்கிக்கொண்டே இருக்கிறது. 2025 பட்ஜெட்டில் திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை ஈ.சி.ஆர். மேலேயே 2,100 கோடி ரூபாயில் மேம்பாலச் சாலை அறிவித்தார்கள். நெரிசல் உண்மை, நானும் அதில் தினமும் நிற்கிறேன். ஆனால் சாலை என்றால் உடனே கோடிகள் கண்ணில் படுகிற நகரத்துக்கு, குப்பத்தில் வலை காயப்போடவும் கருவாடு உலர்த்தவும் படகு ஏற்றவும் வேண்டிய மணல் மட்டும் காலி இடமாகத் தெரிகிறது. கட்டுமரம் போய் பைபர் படகு வந்த பிறகு அந்த இடம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. முட்டையிடக் கரைக்கு வரும் பங்குனி ஆமைகளுக்கும் அதே மணல்தான் வேண்டும். 1988 முதல் மாணவர்கள் இரவிரவாக நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். பொரித்து வெளியே வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று எண்ணி மதில்சுவர் விளக்குகளை நோக்கி ஊரும். நடப்பவர்கள் பொறுக்கித் திருப்பி விடவேண்டும்.

கார்த்திகை மழை ஒரு வாரம் கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் குப்பத்துக்குப் போனேன். அக்காவின் பேரன் படகுக்குப் பின்னால் மணலைத் தோண்டி விளையாடிக்கொண்டிருந்தான். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறிவிட்டது. அக்கா எழுந்து வந்து குனிந்து விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு கொறஞ்சிருக்குது. குடிக்க ஆவாது." கொஞ்சம் நின்று, மறுபடி விரலை நனைத்து வைத்துப் பார்த்தார். "போய் உள்ள கொட்டாங்குச்சி இருக்கும், எடுத்தா. பாத்திரமாச்சும் அலசிக்கலாம்."

பையன் கொட்டாங்குச்சியைக் கொண்டுவந்தான். அதை எப்படிப் பிடித்து மொள்ளவேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அக்கா மணலில் உட்கார்ந்து, கலங்காமல் எப்படி எடுப்பது என்று காட்ட ஆரம்பித்தார்.