வளைவில் பின்சக்கரம் எங்கே போகிறது?

ஹம்மர் மின்சார பிக்கப் வண்டி நண்டு மாதிரி சாய்வாக நகரும் விளம்பரப் படத்தை அனுப்பி, ‘இது உண்மையா, கிராஃபிக்ஸா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உண்மைதான். 2020 அக்டோபரில் இந்த வண்டியை அறிமுகப்படுத்தியபோது ஜெனரல் மோட்டார்ஸ் ‘கிராப்வாக்’ என்று பெயர் சூட்டி இதைப் பெரிதாகக் காட்டியது. நான்கு சக்கரங்களும் ஒரே பக்கம் திரும்பும். வண்டி மூக்கைத் திருப்பாமலே குறுக்காக நகரும். ஆனால் பின்சக்கரம் அதிகபட்சம் திரும்புவது 10 டிகிரிதான். பள்ளிக்கூட டான்ஜென்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 10 மீட்டர் முன்னால் போனால் பக்கவாட்டில் கிடைப்பது ஒன்றே முக்கால் மீட்டர். இரண்டு கார்களுக்கு நடுவே இருக்கும் இடத்தில் அப்படியே பக்கவாட்டில் நுழைய இது உதவாது. அதே பின்சக்கரம் எதிர்ப்பக்கமாகத் திரும்பும்போது செய்யும் வேலைதான் அறிவியலாகவும் அழகு, ஓட்டுநருக்கும் உபயோகம்.

ஃபோர்டு எஃப்-350 பிக்கப்பில் நான்கு கதவும் 8 அடி நீளப் பின்தொட்டியும் கொண்ட வகையை எடுத்துக்கொள்வோம். நீளம் 22 அடிக்கும் மேல். அமெரிக்காவில் வண்டி நிறுத்தக் கோடு போடும் இடம் பொதுவாக 18 அடி. மிச்சம் வெளியேதான் நீட்டிக்கொண்டு நிற்கும். முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், கிட்டத்தட்ட 4.5 மீட்டர். நம் ஊர்ச் சிறிய கார்களில் இது சுமார் இரண்டரை மீட்டர்.

காரை விட்டு இறங்காமலே காபி வாங்கும் கடைகள் அங்கே ஏராளம். கட்டடத்தை ஒட்டிப் பாதை வளையும் மூலையில், கான்கிரீட் நிரப்பிய இரும்புக் குழாயை நட்டு மஞ்சள் பூசியிருப்பார்கள். முழங்காலுக்கு மேலே அந்த மஞ்சள் உரிந்து, வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று பல வண்டிகளின் பெயிண்ட் அதில் ஈஷிக்கொண்டிருக்கும். அந்த வண்டிகளின் மூக்கு வளைவை ஒழுங்காகத்தான் கடந்திருக்கும். இடித்தது பின்பாதி.

பாக்குமட்டையில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து இன்னொரு பிள்ளை ஓலை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும் விளையாட்டைப் பார்த்திருப்பீர்கள். இழுக்கும் பிள்ளை வீட்டு மூலையைச் சுற்றி நன்றாக வளைந்துதான் ஓடும். உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதே தடத்தில் வராது. ஒவ்வொரு கணமும் அது இழுப்பவனை நோக்கி நேர்க்கோட்டில்தான் வரும்; அதனால் வளைவின் உட்பக்கமாகக் குறுக்கே வெட்டி, திண்ணையில் முழங்கையைச் சிராய்த்துக்கொள்ளும். முன்சக்கரம் இழுக்கும் பிள்ளை, பின்சக்கரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. தானாகத் திரும்பாத எந்தப் பின்சக்கரமும் இப்படித்தான் உள்ளே வாங்கும்.

எவ்வளவு உள்ளே வாங்கும் என்பதில்தான் என் வியப்பு முழுவதும் இருக்கிறது. மட்டையின் நீளம் இரண்டு மடங்கானால், வெட்டு இரண்டு மடங்கு ஆவதில்லை. ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகிறது. பித்தாகரஸ் தேற்றம்தான் காரணம்: முன்சக்கர வட்டத்தின் ஆரம் கர்ணம், வீல்பேஸ் ஒரு பக்கம், பின்சக்கர வட்டத்தின் ஆரம் மற்றொரு பக்கம். முன் அச்சின் நடுப்புள்ளி 9 மீட்டர் ஆரத்தில் சுற்றினால், சிறிய காரின் பின் அச்சு சுமார் 35 சென்டிமீட்டர் உள்ளே வரும். எஃப்-350இல் அது 1.2 மீட்டர். ஒரு ஆள் நிற்கும் அகலத்துக்கும் அதிகம். கார் ஓட்டிப் பழகிய கை இந்த வித்தியாசத்தை எதிர்பார்ப்பதே இல்லை. அமெரிக்காவில் குறுகலான திருப்பம் வலப்பக்கம். ஓட்டுநர் உட்காருவதோ இடப்பக்கம். நடைபாதை மேல் ஏறப்போகும் சக்கரம் அவருக்கு மிகத் தொலைவில் இருக்கிறது. நம் லாரி ஓட்டுநர்கள் ‘வாங்கி ஒடி’ என்பார்களே, அதேதான் அங்கேயும் வழி: மூக்கை நன்றாக முன்னே விட்டு, பிறகு ஒடிக்க வேண்டும்.

இழுபடும் பொருளின் பாதைக்குக் கணிதத்தில் டிராக்ட்ரிக்ஸ் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் கிளாட் பெரோ, சங்கிலியைப் பிடித்துக் கைக்கடக்கமான கடிகாரத்தை மேசைமேல் இழுத்துக் காட்டி இந்தக் கேள்வியைக் கேட்டார்; ஹைகன்ஸ் பெயர் வைத்தார். வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது மட்டைக்குப் பின்னால் இன்னொரு மட்டையைக் கட்டுங்கள். அதுதான் டிரெய்லர். முன்னால் போகும்போது கணிதம் நமக்குச் சாதகம். டிரெய்லர் சிறிது கோணலாக இருந்தாலும், தன் நீளத்தின் அளவு தூரம் நேராகப் போவதற்குள் கோணல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ரிவர்ஸில் அதே சமன்பாடு, குறி மட்டும் மாறுகிறது: அதே தூரத்துக்குக் கோணல் ஏறக்குறைய 2.7 மடங்கு வளர்கிறது. மட்டையை இழுத்த பிள்ளை அதையே தள்ளப் பார்த்தால், மட்டை சட்டென்று ஒரு பக்கம் மடிந்துகொள்ளுமே, அதற்குக் காரணம் இதுதான். 9 மீட்டர் பின்னால் போவதற்குள், 9 மீட்டர் டிரெய்லரில் கோணல் 2.7 மடங்கு, 3 மீட்டர் டிரெய்லரில் 20 மடங்கு. நீளமான டிரெய்லரைவிடக் குட்டி டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பதுதான் கடினம். 2016 மாடல் எஃப்-150இல் ஃபோர்டு இதற்கு ஒரு குமிழைக் கொடுத்தது. டிரெய்லரின் கழுத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். பின்புறக் கேமரா அதைப் பார்த்துக் கோணத்தை அளந்துகொண்டே இருக்க, கணினி ஸ்டியரிங்கைத் திருப்பும். வளரும் பிழையைச் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடுவதுதான் சூட்சுமம். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

மட்டையில் உட்கார்ந்த பிள்ளை காலை ஊன்றித் தன்னை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டால்? வளைவில் பின்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்புவது அதுதான். முன்னும் பின்னும் சமமாக எதிரெதிராகத் திரும்பினால் இரண்டும் ஒரே தடத்தில் ஓடும், வெட்டு பூஜ்யம். 2002இல் ஜெனரல் மோட்டார்ஸ் ‘குவாட்ராஸ்டீர்’ என்ற பெயரில் இதைப் பிக்கப்பில் வைத்தது. பின்சக்கரம் 12 டிகிரி வரை திரும்பியது. திரும்பும் வட்டம் ஏறத்தாழ 20 சதவீதம் சுருங்கியது. விலை அதிகம், வாங்குவோர் குறைவு, 2005இல் நிறுத்திவிட்டார்கள். உருப்படியான அந்தப் பொறியியல்தான் இப்போது ஹம்மரில் திரும்பி வந்திருக்கிறது, நண்டு நடையின் நிழலில்.

ஆனால் இது தீர்ப்பது நீளத்தின் சிக்கலை மட்டும். ஹம்மரின் எடை 4,100 கிலோவை ஒட்டி. பேட்டரி மட்டுமே சுமார் 1,300 கிலோ. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 40 அங்குலத்துக்கு மேல் பானெட் உயர்ந்த வண்டி பாதசாரியை மோதினால் உயிர் போகும் வாய்ப்பு, 30 அங்குலத்துக்குள் சரிவாக இறங்கும் பானெட்டைவிட ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். அதே கழகம் 2022இல் திருப்பங்களையும் ஆராய்ந்தது. சாலையைக் கடந்தவர் இறந்த விபத்துகளில், வண்டி நேராகப் போகாமல் இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்திருக்கும் வாய்ப்பு, கார்களோடு ஒப்பிட்டால் பிக்கப்புகளுக்குக் கிட்டத்தட்ட 4 மடங்கு. வலப்பக்கத் திருப்பத்தில் 89 சதவீதம் அதிகம்.

அமெரிக்காவில் வீடு மாற்றுவதற்காக இப்படிப்பட்ட வண்டியை வாடகைக்கு எடுக்கப்போகிறவர்கள், ஏறுவதற்கு முன் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து முன்பக்கத்தைப் பாருங்கள். வலப்பக்கம் ஒடிக்கும்போது மூக்கைப் பார்க்காதீர்கள். வலக் கண்ணாடியில் பின்சக்கரத்தைப் பாருங்கள்.