ஆவணப்படத்தை எவ்வாறு பார்ப்பது? – புகென்வில் தீவு ஓர் உதாரணம்

மாணவர்களே,

"ஆவணப்படம் என்பது உண்மையை உள்ளவாறே காட்டும் படம்" என்று எழுதிவிட்டுப் பலர் விடையை முடித்துவிடுகின்றனர். இது பாதி விடையே. ஆவணப்படத்தில் (விவரணப்படம் எனவும் வழங்குவர்) வரும் மனிதர்களும் இடங்களும் சம்பவங்களும் உண்மையானவை. ஆனால் எதைப் படம்பிடிப்பது, எதை விடுவது, யாரைப் பேசவிடுவது, எந்தக் காட்சியை எதன் பின் வைப்பது என்பவற்றை நெறியாளரே தீர்மானிக்கிறார். எனவே ஆவணப்படம் உண்மையிலிருந்து தெரிந்தெடுத்த ஒரு பகுதியாகும். பசுபிக் சமுத்திரத்திலுள்ள புகென்வில் தீவைப் பற்றிய படங்களைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

1. பின்னணி

புகென்வில் புவியியல் ரீதியில் சொலமன் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. எனினும் குடியேற்ற ஆட்சியாளர் வகுத்த எல்லைகளால் அது பப்புவா நியூகினியுடன் இணைக்கப்பட்டது. முதலில் ஜேர்மனியும் 1914 இன் பின்னர் அவுஸ்திரேலியாவும் இதனை ஆண்டன. பப்புவா நியூகினி 1975 செப்டெம்பர் 16 ஆம் திகதி சுதந்திரம் பெற்றது. அதற்கு இரு வாரங்களுக்கு முன்னரே, செப்டெம்பர் 1 ஆம் திகதி, புகென்வில் தலைவர்கள் தனிக் குடியரசைப் பிரகடனம் செய்தனர். எந்த நாடும் அதனை அங்கீகரிக்கவில்லை.

2. செல்வம் இருந்தும் வறுமை

தீவின் நடுவிலுள்ள பங்குனா என்னும் இடத்தில் 1972 இல் பாரிய செப்புச் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது. இதன் பெரும்பான்மைப் பங்கு ரியோ ரின்ரோ குழுமத்தைச் சேர்ந்த கம்பனியிடம் இருந்தது. பப்புவா நியூகினி அரசு சுமார் ஐந்திலொரு பங்கை வைத்திருந்தது. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதி இச்சுரங்கத்திலிருந்தே கிடைத்தது. நிலத்தின் உரிமையாளருக்குக் கிடைத்ததோ மிகச் சிறிய பங்கு. நூறு கோடி தொன்னுக்கு மேற்பட்ட கழிவு ஆறுகளில் கொட்டப்பட்டது. மீன்பிடியும் பயிர்ச்செய்கையும் அழிந்தன. புகென்விலின் பெரும்பாலான பகுதிகளில் நிலவுரிமை தாய்வழியாக வருவது. ஆயினும் சுரங்க உடன்படிக்கை 1967 இல் செய்யப்பட்டபோது அம்மண்ணின் பெண்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை.

கவனிக்க: இங்கே வறுமைக்குக் காரணம் வளமின்மை அன்று, வளத்தின் பயன் நீதியாகப் பங்கிடப்படாமையே. அரசின் மீதான அவநம்பிக்கையும் இதிலிருந்தே வளர்ந்தது.

3. போரும் முற்றுகையும்

முன்னர் சுரங்கத்தில் பணிபுரிந்த பிரான்சிஸ் ஓனா என்பவரின் தலைமையில் 1988 இன் இறுதியில் கிளர்ச்சி வெடித்தது. சுரங்கத்துக்கான மின்கம்பிக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. 1989 இல் சுரங்கம் மூடப்பட்டது. 1990 இல் அரசு தீவைச் சுற்றி முற்றுகையிட்டது. எரிபொருளும் மருந்தும் வருவது நின்றது. பத்தாண்டுப் போரில் மாண்டோர் தொகை 10,000 முதல் 20,000 வரை எனப் பலவாறு மதிப்பிடப்படுகின்றது.

4. படம் காட்டுவது

பிரித்தானியரான டொம் ரொதரோ நெறிப்படுத்திய 'தேங்காய்ப் புரட்சி' என்ற ஆவணப்படம் 2000 ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. முற்றுகைக்குள் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதே அதன் பொருள். தேங்காயிலிருந்து எடுத்த எண்ணெயை டீசலுக்குப் பதிலாக ஊற்றி வாகனம் ஓட்டுகின்றனர். கைவிடப்பட்ட சுரங்கத்தின் பழைய இரும்புகளைக் கொண்டு சிறு நீர்மின் நிலையம் அமைக்கின்றனர். காட்டு மூலிகைகளால் வைத்தியம் செய்கின்றனர். 'வறியவர்கள்' என்றால் கையேந்தி நிற்பவர்கள் என்ற எண்ணத்தை இப்படம் மாற்றிவிடுகின்றது. இது அதன் பெரும் வெற்றியாகும்.

5. படத்துக்கு வெளியே உள்ளவை

இப்படம் பெரும்பாலும் கிளர்ச்சியாளரின் பக்கத்தில் நின்றே கதையைச் சொல்கின்றது. மருந்தின்றி, குணப்படுத்தக்கூடிய நோய்களால் தாய்மாரும் குழந்தைகளும் இறந்தனர். புகென்வில் மக்களுள் ஒரு பகுதியினர் கிளர்ச்சியாளரை எதிர்த்து ஆயுதம் ஏந்தினர். ஒரே தீவின் மக்கள் ஒருவரையொருவர் கொன்றனர். இப்படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இத்துன்பங்களின் முழு அளவும் விளங்காது. 2020 இல் வெளிவந்த 'ஓபிர்' என்ற படம் போருக்குப் பிந்திய மக்களின் வாழ்வையும், சுரங்கத்தை மீண்டும் திறப்பது பற்றிய கேள்வியையும் எடுத்துக்கொள்கின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவரே விடயத்தை நன்கு அறிவார்.

மாணவர்களே, இங்கே ஒன்றைச் சிந்தியுங்கள். ஏமாற்றப்பட்ட மக்கள் அரசின் சொல்லை நம்புவதில்லை, அது இயல்பு. ஆனால் அரசை நம்பாதவர், அரசுக்கு எதிராகப் பேசும் முதற் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவதும் உண்டு. அரசின் அறிக்கையிடம் நாம் கேட்கும் கேள்விகளைக் கமெராவிடமும் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பது பாதிக்கப்பட்ட மக்களைச் சந்தேகிப்பதாகாது. அவர்களுடைய துன்பத்தை முழுமையாக அறிய முயல்வதாகும்.

6. பின்னர் நடந்தவை

1997 இல் நியூசிலாந்தில் பேச்சுவார்த்தை தொடங்கியது. அமைதிக்கு வழிதிறந்ததில் புகென்வில் பெண்களின் பங்கு பெரிது. 2001 ஓகஸ்ட் 30 ஆம் திகதி சமாதான உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. சுயாட்சி, ஆயுதக் களைவு, சர்வசன வாக்கெடுப்பு என்பன அதன் மூன்று தூண்கள். 2005 இல் சுயாட்சி அரசாங்கம் அமைந்தது. 2019 இல் நடைபெற்ற வாக்கெடுப்பில், செல்லுபடியான வாக்குகளில் 98 வீதத்துக்கு மேற்பட்டவை சுதந்திரத்துக்கு ஆதரவாக விழுந்தன. எனினும் உடன்படிக்கையின்படி இம்முடிவு தானாக நடைமுறைக்கு வராது. இரு அரசாங்கங்களும் கலந்துபேச வேண்டும், இறுதி அதிகாரம் பப்புவா நியூகினிப் பாராளுமன்றத்துக்கு உரியது.

நினைவிற் கொள்க

எந்த ஆவணப்படத்தைப் பற்றி எழுதினாலும் பின்வரும் நான்கு வினாக்களுக்கு விடை தேடுங்கள்.
(அ) படத்தில் பேசுபவர் யார்? பேசாதவர் யார்?
(ஆ) படம் எடுத்தவர் எவ்விடத்தில், யாருடைய பாதுகாப்பில் நின்று எடுத்தார்?
(இ) காட்சிக்கும் பின்னணிக் குரலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
(ஈ) படம் முடிந்த பின்னர் என்ன நடந்தது?

மாதிரி வினா: "ஆவணப்படம் உண்மையானது, ஆனால் முழு உண்மையன்று." இக்கூற்றை ஓர் உதாரணத்துடன் விளக்குக.

விடை எழுதும்போது படத்தின் கதையை மட்டும் ஒப்புவிக்காதீர்கள். படம் காட்டியது ஒன்று, காட்டாதது ஒன்று என இரண்டையும் குறிப்பிட்டு, உங்கள் முடிவை ஒரு வாக்கியத்தில் தெளிவாக எழுதுங்கள்.