இளவேனில் வந்தாச்சு... கிணற்றடிக்குப் போகலாமா?



மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கொடைரோடு ரயில் நிலையம் களைகட்டிவிடும். விடியற்காலையிலேயே பெட்டி, பை, தண்ணீர் பாட்டிலோடு குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். பஸ்ஸோ, வேனோ பிடித்துச் சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கொடைக்கானலுக்குப் பறந்துவிடுவார்கள். இந்த ரயில் நிலையத்துக்கு முன்பு அம்மையநாயக்கனூர் என்றுதான் பெயர். கொடைக்கானலுக்குப் போகும் வழி என்பதால் 'கொடைக்கானல் ரோடு' ஆகி, பேச்சில் சுருங்கி 'கொடைரோடு' ஆகிவிட்டது.

சரி, எல்லாரும் மலைக்கு ஓடுகிறார்களே, அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் லீவில் என்ன செய்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

தமிழர்கள் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள். அவற்றில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு வசந்தம் என்றால் பனி உருகும் காலம். நமக்கு வேம்பு பூக்கும் காலம், கொன்றை மஞ்சளாய்த் தொங்கும் காலம், மாங்காய் பறிக்கும் காலம்!

எங்கள் தெருக்கோடியில் ஒரு குடும்பம் இருக்கிறது. அப்பா, அம்மா, அப்பத்தா, இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவள் நாலாம் வகுப்பு. என்னை 'வாத்தியார் தாத்தா' என்று கூப்பிடுவார்கள். கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, நாலு வரிசை மல்லிகைச் செடி இருக்கின்றன. இளவேனில் வந்தால் இந்த வீட்டில் எல்லாருக்கும் வேலை உண்டு. வாருங்கள், பார்க்கலாம்.

வேப்பம்பூ மழை

பங்குனியில் இலை உதிர்த்த வேம்பு, சித்திரையில் கொத்துக் கொத்தாய்ப் பூத்துவிடும். முதல் நாள் சாயங்காலமே மரத்தடியைப் பெருக்கி, பழைய சேலையை விரித்து வைப்பது சின்னவளின் வேலை. காலையில் போய்ப் பார்த்தால் சேலை முழுக்க வெள்ளைப் பூ! தூசு புடைத்து, நிழலில் உலர்த்தி, டப்பாவில் போட்டு வைத்தால் வருடம் முழுக்க ரசத்துக்கு ஆகும். சித்திரை முதல் நாள் செய்யும் மாங்காய்ப் பச்சடியில் கசப்புக்குச் சேர்ப்பதும் இந்தப் பூவைத்தான்.

வேம்பு ஏன் இப்போது பூக்கிறது தெரியுமா? இப்போது பூத்தால்தான் ஆனி, ஆடியில் பழம் பழுத்து விழும். வேப்பங்கொட்டை சில வாரங்களுக்குள் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். விழுந்த சூட்டோடு மழை கிடைத்தால்தான் பிழைக்கும். மரத்துக்குக் காலண்டர் தெரிந்திருக்கிறது பாருங்கள்!

புளியும் பல்லாங்குழியும்

உலுக்கி எடுத்த புளியம்பழத்தை முற்றத்தில் காயவைத்து, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைக்க வேண்டும். இதற்கு அப்பத்தாதான் தலைவி. பிள்ளைகளுக்குக் கூலி என்ன? புளியங்கொட்டைதான்! பல்லாங்குழியில் 14 குழிகள். குழிக்கு 5 என்றால் எத்தனை கொட்டை வேண்டும்? சின்னவள் பேப்பர் இல்லாமலே '70' என்கிறாள். நாலு கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சொரசொரப்பான கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயக்கட்டை தயார். கடையில் காசு கொடுக்க வேண்டாம்.

விடியுமுன் மல்லிகை

மல்லிகை மாலைக்கு மேல்தான் மலரும். அதனால் மொட்டாக இருக்கும்போதே, வெயில் ஏறுவதற்கு முன் பறித்துவிட வேண்டும். அப்பாவும் பெரியவளும் இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். பறித்த மொட்டு நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குப் போகும். மார்கழி, தையில் பனியால் விளைச்சல் குறைந்து விலை ஏறும். இளவேனிலில் பூ குவிந்து விலை இறங்கும். 'நிறைய விளைஞ்சா ஏம்ப்பா காசு குறையுது?' என்று கேட்டாளாம் பெரியவள். பொருளாதாரத்தின் முதல் பாடத்தைச் செடியடியில் நின்றே படித்துவிட்டாள்! 'மதுரை மல்லி' 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. திண்டுக்கல் மாவட்டத்தில் விளையும் மல்லியும் அதில் சேர்த்திதான்.

ஒன்று சொல்ல வேண்டும். பூக்கட்டுவதும் புளி உரிப்பதும் பெண்பிள்ளை வேலை என்று நினைக்கும் தம்பிகளே, அந்த வீட்டில் வாழைநாரில் வேகமாகப் பூக்கட்டுவது அப்பாதான்!

கிணற்றில் ஒரு பள்ளிக்கூடம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன், 'பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கணும்' என்று அம்மா சொன்னதும் வீட்டில் பெரிய விவாதம்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு நீச்சலு? பாக்கிறவுக என்ன சொல்லுவாக?" என்றார் அப்பத்தா.

"நான் பழகல அத்தே. தினம் இந்தக் கிணத்து மேட்டுலதான் வேலை செய்யறேன். எட்டிப் பாக்கவே கை கால் நடுங்குது. இதுகளும் ஆயுசுக்கும் இப்படித்தான் பயப்படணுமா?" என்றார் அம்மா.

அப்பத்தா பதில் பேசவில்லை.

அப்பா இருவருக்கும் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டினார். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை மேலே நிற்கும் சித்தப்பா கையில். குடுக்கைக்குள் வெறும் காற்றுதான். அதனால் அது மிதக்கும், கட்டியிருப்பவரையும் மிதக்க வைக்கும். முதல் வாரம் படியைப் பிடித்துக்கொண்டு காலை அடிப்பது மட்டும். அடுத்து மூச்சை அடக்கி முகத்தை முக்குவது. பிறகு கை வீசுவது. மூன்றாம் வாரம் பெரியவளின் குடுக்கையைக் கழற்றினார்கள். கயிறு மட்டும் இருந்தது. அழுதாள், தண்ணீர் குடித்தாள். ஆனாலும் எதிர்ப்படிக்குப் போய்ச் சேர்ந்தாள்!

இப்போது இரண்டு பேருமே நீந்துகிறார்கள். திட்டிய அப்பத்தா கிணற்று மேட்டில் உட்கார்ந்து, யார் எத்தனை சுற்று என்று எண்ணிச் சொல்கிறார். இந்த வருடம் அம்மாவும் லாரி டியூபோடு இறங்கிவிட்டார். சொல்லிக் கொடுப்பது யார் தெரியுமா? பெரியவள்!

ஆற்றில் கற்று, கடலை வென்றவர்

கல்கத்தாவில் ஆர்த்தி சாகா என்று ஒரு பெண். சின்ன வயதில் ஹூக்ளி ஆற்றுப் படித்துறையில்தான் நீச்சல் பழகினார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 11 தான். 1959 ஆகஸ்ட்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்று தோற்றார். விடவில்லை. ஒரே மாதத்தில், செப்டம்பர் 29 அன்று மறுபடி இறங்கி, 16 மணி 20 நிமிடத்தில் கடந்தார். கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் அவரே. 1960இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எல்லாரும் கால்வாயைக் கடக்க வேண்டியதில்லை. ஆனால், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் ஏராளம். லீவு நாளில் கிணற்றிலும் குளத்திலும் கல்குவாரியிலும் நம் ஊரில் நடக்கும் துயரங்களைப் பேப்பரில் நீங்களே படித்திருப்பீர்கள்.

மறக்காதீர்கள்!

* பெரியவர் துணை இல்லாமல் எந்த நீரிலும் இறங்காதீர்கள், நீச்சல் தெரிந்தாலும் கூட.

* ஆழம் தெரியாமல் குதிக்காதீர்கள். கோடையில் கிணற்று நீர் வற்றியிருக்கும், அடியில் பாறை இருக்கும்.

* பாழடைந்த கிணற்றுக்குள் இறங்கவே கூடாது. உள்ளே நச்சு வாயு தங்கியிருக்கலாம்.

* மூழ்குகிறவரால் பெரும்பாலும் கத்த முடியாது. சத்தம் இல்லையே என்று அலட்சியமாக இருக்காதீர்கள்.

* யாராவது தத்தளித்தால் நீங்கள் குதிக்காதீர்கள். கயிறு, கம்பு, சேலை, காலிக் குடம் என எது கிடைத்தாலும் நீட்டுங்கள், வீசுங்கள். கத்தி ஆள் கூப்பிடுங்கள். 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

இந்த இளவேனிலில் வேப்பம்பூ சேகரியுங்கள், பூக்கட்டப் பழகுங்கள், தாத்தா பாட்டியோடு பல்லாங்குழி ஆடுங்கள். அதோடு, நீந்தத் தெரிந்த ஒரு பெரியவரிடம் போய், 'எனக்கும் நீச்சல் கத்துத் தாங்க' என்று கேளுங்கள். தங்கச்சிப் பாப்பாவையும் மறக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் அம்மாவுக்குத் தெரியாது என்றால், அவரையும்தான்!