அஞ்சத்தக்க பகைவன்



என் தமக்கையின் மகன் செங்கற்பட்டில் வாழ்கிறான். கணிப்பொறியில் ஆடும் வீடியோ விளையாட்டுகளை ஆக்குவது அவன் தொழில். அத்தொழிலில் எனக்குப் பயிற்சி இல்லை. ஆயினும், சென்ற தை மாதத்தில் அவன் தன் குறையை என்னிடமே கொண்டுவந்தான். மாயமும் மந்திரமும் நிறைந்த கதை ஒன்றை இரண்டாண்டு உழைத்து விளையாட்டாக அமைத்திருந்தான். அதன் முடிவில் ஓர் அசுர வேந்தன் தோன்றுவான்.

"ஆறு கை, நெருப்புக் கண், பனைமர உயரம், எல்லாம் கொடுத்துவிட்டேன், மாமா. ஆடிப் பார்க்கும் பிள்ளைகளோ அவனைக் கண்டு சிரிக்கிறார்கள்" என்றான். தன் சேமிப்பு முழுவதையும் அதில் இட்டிருந்தான். ஆகவே அது எங்களுக்குச் சிரிக்கத்தக்க செய்தியாக இல்லை.

மறுநாட் காலையில் இருவரும் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பேருந்தேறினோம். கலங்கரை விளக்கத்தை அடுத்த குன்றில் மகிடாசுரமர்த்தினி மண்டபம் இருக்கிறது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவர் குடைந்தது. அதன் வடசுவரில் தேவி எட்டுக் கைகளோடு சிங்கத்தின்மீது அமர்ந்து, வில்லை வளைத்து வருகிறாள். அவளுக்கு எதிரே எருமைத்தலையும் மனித உடலும் கொண்ட மகிடன் நிற்கிறான்.

"இவனுக்கு இரண்டே கைகள்தாமே!" என்றான் மருமகன்.

ஆம், இரண்டே கைகள். அவற்றால் பெரியதொரு தண்டாயுதத்தைப் பற்றியிருக்கிறான். அவன் படை சரிகிறது; ஒருவன் தலைகீழாக வீழ்கிறான். மகிடனும் உடலைப் பின்னுக்குச் சாய்த்திருக்கிறான். ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. அந்தச் சாய்வு ஓடுவதற்கா, தண்டை ஓங்கிப் பாய்வதற்கா என்று காண்பவர் துணிய முடியாது. சிற்பி போரின் முடிவைச் செதுக்கவில்லை. முடிவுக்கு முந்திய கணத்தையே செதுக்கினான். அதே குன்றில் மும்மூர்த்தி மண்டபத்தின் புறச்சுவரிலும் தேவி இருக்கிறாள்; அங்கே அவள் எருமைத்தலையின்மேல் நிற்கிறாள். அழகிய வடிவந்தான், வணங்கத் தோன்றுகிறது. அந்தத் தலையைக் கண்டு அஞ்சுவார் யார்? தோற்றுவிட்டவனிடம் அச்சம் இல்லை. என் மருமகனின் அசுரனோ தோற்பதற்கென்றே வந்து நின்றவன். பிள்ளைகள் அதை முதற்பார்வையிலேயே கண்டுகொண்டார்கள்.

மகிடனின் தலைக்குமேல் ஒரு குடை இருப்பதையும் காட்டினேன். பலர் இதைப் பாராமலே போய்விடுகிறார்கள். அச்சம் எவற்றிலிருந்து பிறக்கும் என்று தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார்: வருத்தும் தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், ஆள்பவர். பேருருவமும் பல கைகளும் அந்த வரிசையில் இல்லை! மகிடன் விலங்கு; குடையின்கீழ் நிற்பதால் வேந்தனுமாகிறான். பகுத்தறியாத வலிமையும் பகுத்தறிந்து ஆணையிடும் அதிகாரமும் ஓருடலில் கூடியிருக்கின்றன. எதிரே தென்சுவரில் திருமால் பாம்பணையில் துயில்கிறார்; கால்மாட்டில் மதுவும் கைடபனும் ஆயுதத்தோடு நிற்கிறார்கள். இவர்கள் கள்வரைப் போன்றவர்கள். வீட்டார் உறங்கும்போது வாயிலில் நிற்பதனாலேயே அச்சம் தருகிறார்கள்.

"காட்டியபின் வருவது இந்த அச்சம். காட்டாமலே அஞ்சச் செய்ய இயலாதா?" என்று கேட்டான்.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தை நினைவூட்டினேன். துரௌபதியம்மன் திருவிழாவில் துரியோதனன் நேரே வந்துவிடுவதில்லை. இருவர் திரை பிடிப்பர். அதன் பின்னே சலங்கை ஒலிக்கும். கிரீடத்தின் நுனி தெரியும். தான் இன்னான் என்று உரத்த குரலில் பாடுவான். திரை விலகுமுன்னரே சிறுவர்களாகிய நாங்கள் பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருப்போம். இன்னொன்றும் உண்டு. சூதில் வைத்துத் தோற்ற பொருள் வென்றவனுடையது என்று அவன் அவையிலே வழக்குரைப்பான். பீட்டுமரே மறுமொழிக்குத் தடுமாறுவார். என் சிறுவயதில் என்னை மிகவும் நடுங்க வைத்தது துச்சாதனனின் கையன்று. அந்த வழக்குக்கு எதிர்வழக்கு இல்லாமற் போனதே.

இதைக் கேட்டதும் மருமகன் தன் துறைச் செய்தி ஒன்றைச் சொன்னான். 1997-இல் ஜப்பானில் வெளிவந்த 'பைனல் பேன்டசி' ஏழாவது விளையாட்டில், தொடக்கத்தில் வெல்லுதற்கு மிக அரிய பெரும்பாம்பு ஒன்று சதுப்புநிலத்தில் இருக்கிறதாம். ஆடுபவர் பறவையொன்றின்மேல் ஏறித் தப்பிப் போவார். அக்கரை சேர்ந்தால், அத்தகைய பாம்பு ஒன்று மரத்தில் குத்துண்டு தொங்கும். செபிரோத் என்னும் பகைவன் அவ்வழியே முன்னர்ச் சென்றிருக்கிறான். அவ்வளவுதான். அவன் அங்கே இல்லை; ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் கூத்துத் திரைக்கு இதைக் காட்டிலும் நல்ல உரை நான் கேட்டதில்லை.

ஊர் திரும்பியபின் அவன் அசுரனின் நான்கு கைகளை நீக்கிவிட்டான். உயரத்தையும் குறைத்தான். கதையின் முற்பகுதியில் வேந்தன் வரவேமாட்டான். அவன் கடந்துபோன ஊர்களில் மக்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசுவார்கள். சிலர் அவன் பக்கம் நியாயம் உண்டென்றும் சொல்வார்கள். இந்த மாற்றத்துக்கு மேலும் ஐந்து மாதம் பிடித்தது. கடன் சிறிது ஏறியதில் என் தமக்கைக்கு என்மேல் வருத்தந்தான்.

ஆடி மாதத்தில் அண்டைவீட்டுச் சிறுமி அதை ஆடிப் பார்க்க வந்தாள். ஒரு பாலத்தின் நடுவில் அவள் விரல்கள் நின்றுவிட்டன. திரையில் ஒருவரும் இல்லை. "அண்ணா, அவன் இப்போது எங்கே இருக்கிறான்?" என்று மெல்லக் கேட்டாள்.