அரியூர் வீட்டுக்கு எந்த ரவுட்டர்?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில் வில்லியனூரைத் தாண்டினால் அரியூர். மருத்துவக் கல்லூரி வந்த பிறகு ஊரின் நடமாட்டமே மாறிவிட்டது. அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு. அதையும் கடந்தால் திருபுவனை, மறுபடியும் புதுச்சேரி. பேருந்தில் போகிறவருக்கு எங்கே எல்லை தாண்டினோம் என்றே தெரியாது. இணையத்துக்கும் அந்த எல்லை கிடையாது. தொலைத்தொடர்பு உரிமக் கணக்கில் புதுச்சேரி தமிழ்நாட்டு வட்டத்தோடு சேர்ந்ததுதான்.

கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வரும் கறுப்பு ஃபைபர் ஒயர், வாசல் பக்கத்து ஜன்னல் ஓரமாக ஓட்டை போட்டு வீட்டுக்குள் நுழைகிறது. நுழைந்த இடத்திலேயே சுவரில் ஆணி அடித்து ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார் லைன் போட வந்தவர். முன்கூடத்தில் டிவி நன்றாக ஓடுகிறது. பின்கட்டு அறையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு மட்டும் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆறு மாதத்தில் அந்த வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது: "கம்பெனி கொடுத்த இந்த டப்பாவைக் கழற்றிப் போட்டுட்டு, நல்லதா ஒண்ணு நாமளே வாங்கிட்டா என்ன?"

வாங்கலாம். ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். அதற்குக் காரணம், சுவரில் இருக்கும் அந்த ஒரே பெட்டிக்குள் இரண்டு கருவிகள் இருப்பது.

முதல் கருவியின் பெயர் ஓஎன்டி. ஃபைபரில் ஒளியாக வருவதை மின்குறியாக மாற்றுவது இதன் வேலை. நம் பக்கம் பெரும்பாலும் இருப்பது ஜிபான் என்ற முறை. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரே இழையில் விநாடிக்கு ஏறக்குறைய 2.5 கிகாபிட் வேகம் புறப்படுகிறது. வழியில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் என்ற பிரிப்பான் அந்த ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடுகிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே ஒளிதான் போகிறது. உங்களுக்கு உரியதை மட்டும் உங்கள் ஓஎன்டி பிரித்து எடுத்துக்கொள்கிறது. எந்த வீட்டில் எந்தப் பெட்டி என்பது அதன் சீரியல் எண்ணை வைத்து எக்ஸ்சேஞ்சில் பதிவாகியிருக்கும். பதிவில் இல்லாத பெட்டியை மாட்டினால் அங்கிருக்கும் எந்திரம் பதிலே சொல்லாது. இரண்டாவது கருவி ரவுட்டர். வந்த இணைப்பை வீட்டுக்குள் பல கருவிகளுக்குப் பங்கிடுவதும் வைஃபை பரப்புவதும் இதன் வேலை.

ஆன்லைனில் விலை உயர்ந்த ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்து, பின்பக்கத்தில் ஃபைபர் செருகும் துளையைத் தேடுகிறவர்கள் உண்டு. சாதாரண ரவுட்டரில் அந்தத் துளை இருக்காது. ரவுட்டர் வாங்கினால் ஓஎன்டிக்கு விடை கொடுத்துவிடலாம் என்பது தவறான கணக்கு. மாற்ற வேண்டியது பெரும்பாலும் இரண்டாவது கருவியை மட்டும்தான். முதலாவதை இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

பணம் செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. மடிக்கணினி ஒன்றை லேன் கேபிள் வழியாக நேரே அந்தப் பெட்டியில் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு, வேகத்தை அளந்து பாருங்கள். காலையில் ஒரு முறை, இரவு எட்டு ஒன்பது மணிக்கு ஒரு முறை. கேபிளில் பேசிய வேகம் முழுதாக வந்தால் குறை உங்கள் வீட்டு வைஃபையில் இருக்கிறது. புது ரவுட்டர் பயன் தரும். கேபிளிலேயே வேகம் வரவில்லை என்றால் குறை லைனில், அல்லது லைனைக் கொடுத்தவரிடம். அப்போது இருபதாயிரம் ரூபாய் ரவுட்டர் வாங்கி வைத்தாலும் எதுவும் மாறாது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அதனால்தான் முதலில் எழுதுகிறேன்.

லைன் கோளாறுக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளங்கள் உண்டு. பெட்டியில் லாஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். ஒளி வந்தாலும் போதுமான அளவு வருகிறதா என்பதைப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் டிபிஎம் என்ற அளவில் பார்க்கலாம். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐத் தொட்டுவிட்டால் மழை பெய்தாலே அறுந்து அறுந்து வரும். அலமாரி இடுக்கில் ஃபைபர் கூர்மையாக மடிந்திருப்பது, அணில் கடித்த இடம், பச்சை முனை கனெக்டரை நீல முனைத் துளையில் அழுத்திச் செருகியிருப்பது என்று காரணங்கள் சின்னவையாகவே இருக்கும். லைன்மேனை அழைத்து ஒளி அளக்கும் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே ஃபைபரைக் கழற்றி அதன் முனையைக் கண்ணால் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத ஒளி. தெரியவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது.

சரி, குறை வைஃபையில்தான் என்று உறுதியாகிவிட்டது. இனி வீட்டைப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்து மனைகள் அகலம் குறைந்து நீளமாக ஓடுபவை. திண்ணை அல்லது போர்ட்டிகோ, முன்கூடம், நடு அறை, சமையலறை, பின்கட்டு, அப்புறம் கொல்லை. பழைய வீடுகளில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். புதிய வீடுகளில் கம்பி கட்டிய கான்கிரீட். நடுவில் இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, மாடிக்குப் போகும் படிக்கட்டு. சாதாரண வீட்டு ரவுட்டரின் வைஃபைக்கு இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும். ஆனால் வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வீடுகளின் இரைச்சல் அதிகம். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. இரண்டு சுவர் தாண்டுவதற்குள் களைத்துவிடும். ஆக, வாசலில் மாட்டிய பெட்டி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பின்கட்டுக்கு வேகம் போகாது. ஆண்டெனா எட்டு இருந்தாலும் இதுதான் நிலை. அலைபரப்பும் சக்திக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. விலை கூடுவதால் அந்த வரம்பு கூடாது.

எனவே என் சிபாரிசு எளிமையானது. வாசல் பெட்டியிலிருந்து வீட்டின் நடுவுக்கு ஒரு கேட்-6 கேபிள் இழுங்கள். பிவிசி பட்டைக்குள் சுவர் ஓரமாகப் போய்விடும். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. புது ரவுட்டரை அந்த முனையில், தலைக்கு மேல் உயரத்தில், பீரோவை விட்டுத் தள்ளி வையுங்கள். கேபிள் வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கும், சீக்கிரம் முறியும். மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இருந்தால் அங்கேயும் ஒரு கேபிளும், வைஃபை பரப்ப மட்டும் ஒரு சின்ன அக்சஸ் பாயின்ட்டும் வேண்டும். மெஷ் என்று விற்கும் இரட்டைப் பெட்டிகள் நல்லவைதான், அவற்றையும் கேபிளால் இணைத்தால். ஒயர் இல்லாமல் ஒன்றுக்கொன்று பேச விட்டால் வேகத்தில் பாதி அந்தப் பேச்சிலேயே போய்விடும். பிளக்கில் செருகும் ரிப்பீட்டர் வேண்டவே வேண்டாம்.

ரவுட்டர் பெட்டியின் அட்டையில் பார்க்க வேண்டியவை குறைவு. வைஃபை 6 என்று இருக்கட்டும். மூவாயிரம் நாலாயிரம் ரூபாயிலேயே கிடைக்கிறது. வைஃபை 7க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தால் 100, 200 மெகாபிட் திட்டம் வைத்திருக்கும் வீட்டுக்கு வேகம் கூடாது. எல்லாத் துளைகளும் கிகாபிட் துளைகளா என்பதைக் கட்டாயம் பாருங்கள். மலிவான ரவுட்டர்களில் 10/100 என்று போட்டிருக்கும். அந்தத் துளையில் 200 மெகாபிட் இணைப்பைச் செருகினால் 94 அல்லது 95க்கு மேல் வராது. மிச்சம் உள்ளதற்கு மாதாமாதம் வீணாகப் பணம் கட்டுவீர்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் 1500, 3000 என்ற எண்கள் எல்லா அலைவரிசைகளையும் கூட்டிப் போட்ட கணக்கு. உங்கள் கைப்பேசிக்கு அந்த வேகம் ஒருநாளும் கிடைக்காது.

வாங்கியாயிற்று. மாட்டுவதற்கு இரண்டு வழிகள். பழைய பெட்டியின் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டு, புதியதை அக்சஸ் பாயின்ட்டாக வைப்பது எளிய வழி. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். இரண்டாவது, பழைய பெட்டியைப் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றுவது. அப்போது அது வெறும் ஒளிமாற்றி ஆகிவிடும். மற்ற பொறுப்பெல்லாம் உங்கள் ரவுட்டருக்கு வந்துவிடும். இதற்கு இணைப்பின் பயனர் பெயர், கடவுச்சொல், விலான் எண் ஆகிய மூன்றும் தேவை. லைன் கொடுத்தவரிடம் கேட்டு வாங்க வேண்டும். சில நிறுவனங்கள் கேட்டால் மாற்றித் தருகின்றன. சில நிறுவனங்கள் பெட்டியைப் பூட்டியே வைத்திருக்கின்றன. பூட்டியிருக்கும் இடத்தில் முதல் வழிதான் வழி.

ஓஎன்டியையே மாற்ற விரும்புகிறவர்களும் உண்டு. மாத வாடகை கட்டுகிறவர்களுக்கு அது நியாயமான ஆசை. சொந்த ஓஎன்டியைப் பதிவு செய்துகொள்ளும் லைன்காரர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். ஆனால் முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். அவருடையது ஜிபானா, ஈபான் என்ற வேறு முறையா? எந்த மாடல் அவர் எந்திரத்தோடு ஒத்துப்போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் வாங்கிய பெட்டி அலமாரியில்தான் கிடக்கும். 0413 என்று தொடங்கும் எண்ணோடு வீட்டுத் தொலைபேசியும் அதே ஃபைபரில் வருகிறது என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். தொலைபேசியின் விவரங்கள் பழைய ஓஎன்டிக்குள் இருக்கின்றன. புதியதில் போன் துளை இருந்தாலும் லைன்காரர் அந்த விவரங்களை ஏற்றித் தராவிட்டால் மணி அடிக்காது. முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை.

சொந்தக் கருவி வைத்துக்கொள்வதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. 2017 ஜூலையில் கர்நாடகத்தில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்களை ஒரு தீநிரல் தாக்கியது. பயனர் பெயரும் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின் என்று விட்டிருந்த மோடம்கள்தான் முடங்கின. எல்லோரும் கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று நிறுவனமே அறிவிக்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, மிராய் என்ற நிரல் உலகெங்கும் ரவுட்டர்களையும் கேமராக்களையும் அதே ஓட்டை வழியாகத்தான் பிடித்துப் படையாக்கியது. கம்பெனி கொடுத்த பெட்டியில் மென்பொருள் புதுப்பிப்பு எப்போது வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. சொந்த ரவுட்டரில் அதை நீங்களே பார்த்துப் போடலாம். மாட்டிய அன்றே நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாடியில் குடியிருப்பவர்களுக்கு விருந்தினர் வைஃபையைத் தனியாகத் திறந்து கொடுங்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, நாளைக்குக் கேள்வி அவரிடம்தான் வரும்.

மின்சாரத்தையும் விட்டுவிடக் கூடாது. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. சுமார் அரை மீட்டர் மழை ஒரே நாளில் கொட்டி, ஊர் ஊராக வெள்ளத்தில் நின்றது. அதுபோன்ற நாளில் கம்பமே சாய்ந்துவிட்டால் எந்த ரவுட்டரும் உதவாது. ஆனால் மற்ற நாட்களின் அரைமணி, ஒருமணி மின்வெட்டில் லைன் நன்றாகவே இருக்கும். உங்கள் பெட்டிதான் அணைந்திருக்கும். ஓஎன்டியும் ரவுட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. ஆயிரத்து சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன டிசி யூபிஎஸ் இரண்டு வாங்கினால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். என்னைக் கேட்டால், ரவுட்டரில் ஆயிரம் ரூபாய் குறைத்தாவது இதை வாங்குங்கள் என்பேன். பழைய செம்பு லைன் காலத்தில் ஐப்பசி இடி விழுந்தால் மோடம் கருகும். ஃபைபரின் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. அந்த நிம்மதியைக் கெடுத்துக்கொள்ளாமல், லேன் கேபிளை மொட்டைமாடி மேல் திறந்தவெளியில் இழுக்காதீர்கள்.

இவ்வளவையும் ஒரு வாடிக்கையாளர் கெஞ்சிக் கேட்டுப் பெற வேண்டியிருப்பது சரியில்லை. அமெரிக்காவில் 1968இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில், தொலைபேசி நிறுவனம் தந்த கருவியைத் தவிர வேறெதையும் லைனில் இணைக்கக் கூடாது என்ற தடை நீக்கப்பட்டது. வீட்டு மோடம்கள் பரவியதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு முக்கியக் காரணம். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் மோடத்தையும் ரவுட்டரையும் வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம்; இணைப்புக்கு வேண்டிய விவரங்களை நிறுவனம் கேட்காமலே கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதே உரிமை இங்கேயும் தெளிவான விதியாக வர வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் செய்ய முடியாத காரியம் இல்லை இது.

அதுவரை நம் கையில் இருப்பது, படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய ஐந்து நிமிடம். பெட்டி யாருடையது, வாடகையா முன்பணமா, விலகும்போது திருப்பிக் கொடுத்தால் பணம் வருமா, பிரிட்ஜ் நிலைக்கு மாற்றித் தருவீர்களா, லைனை வாசலில் நிறுத்தாமல் நடுக்கூடம் வரை இழுத்து முடிப்பீர்களா என்று கேளுங்கள். பதிலை வாயால் வாங்காதீர்கள். வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.