எது கடைசிப் பட்டியல்?
1842இல் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் ஒரு தமிழ் அகராதியை வெளியிட்டது. மானிப்பாய் அகராதி என்றே இன்றும் சொல்கிறோம். அச்சு நூலுக்கு ஓர் ஆண்டு உண்டு. எந்தப் பதிப்பு என்று தடுமாற வேண்டியதில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்களைக் கணினியில் தொகுப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. 'பட்டியல் புதியது', 'பட்டியல் கடைசி', 'உண்மையான கடைசி' என்று கோப்புகள் பெருகிக்கொண்டே போகும்.

மென்பொருள் எழுதுவோர் இதே குழப்பத்தை 'கிட்' கொண்டு சமாளிக்கிறார்கள். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது; இலவசம். அதில் 'கிளை' புதிய திருத்தம் சேரச்சேர முன்னே நகரும். 'டேக்' நகராது. ஆணைக்குழுவிடம் கையளித்த அன்றைய பட்டியலுக்கு ஒரு டேக் போட்டுவைத்தால், பிறகு எத்தனை திருத்தம் வந்தாலும் அன்று கொடுத்தது எதுவெனக் காட்டலாம்.

'கிட் ஃபோர்-ஈச்-ரெஃப்' என்ற கட்டளை கிளை, டேக் எல்லாவற்றையும் வரிசையாகத் தரும். 'ஃபோர்மட்' சேர்த்தால் பெயர், திகதி, திருத்தியவர் என வேண்டியது மட்டும் வரும். 'சோர்ட்' திகதிப்படி அடுக்கும். என் கணிப்பில் முக்கியமானது 'நோ-மேர்ஜ்ட்'. பிரதான கிளையில் இன்னும் சேராதவற்றை அது காட்டும். முல்லைத்தீவில் ஒருவர் பதிந்த பன்னிரண்டு பெயர்கள் தனிக்கிளையிலேயே கிடக்கலாம். பார்க்காமல் அந்தக் கிளையை அழித்தால், சில வாரங்களில் கிட் அவற்றையும் துப்புரவாக்கிவிடக்கூடும்.

இன்னொன்று: கிட் இணையமின்றி உங்கள் கணினியிலேயே இயங்கும். சாட்சிகளின் பெயருள்ள கோப்பைப் பொதுத்தளத்தில் ஏற்றாதீர்கள். பிறகு நீக்கினாலும் பழைய பதிப்பில் அது இருக்கும்.